ரெண்டு கம்ப்யூட்டருக்கு நடுவுல வேகம் அளக்கணும்னா எந்த டூல்? ஐபெர்ஃப்3, ஐபெர்ஃப்2, நெட்பெர்ஃப், நெட்கேட், இல்ல ஃபைல் காப்பியே போதுமா

மண்ணடி, தம்புச் செட்டித் தெரு பக்கம் இருக்கற கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீஸாகட்டும், எம்.சி. ரோட்டுல துணிக்கடைக்கு மேல மாடியில இருக்கற கணக்கு ரூமாகட்டும், தண்டையார்பேட்டை, திருவொத்தியூர் குடோனாகட்டும், நெட்வொர்க் வேலை பாக்கறவங்களுக்கு வர்ற போன் ஒன்னுதான், "இன்னாபா, நெட்டு ரொம்ப ஸ்லோவா கீது, வந்து பாரு". போய் நின்னா முதலாளி ஏற்கனவே ஒரு முடிவோட இருப்பாரு, ஒன்னு கேபிள் மொத்தத்தையும் மாத்தணும், இல்லன்னா புது ஸ்விட்ச், இல்லன்னா சர்வரையே மாத்திடலாம்னு. மூணுமே துட்டு. எது உண்மையிலேயே வேணும்னு அளந்து பாக்காம வாயைத் திறக்கவே கூடாதுங்கறதுல நான் ரொம்ப உறுதியா இருக்கேன், ஏன்னா சின்ன ஆபீஸ்ல அந்தப் பணம் ஒரு பையனோட ஒரு மாச சம்பளத்துக்கு மேல போகும்.

ப்ரவுசர்ல ஸ்பீட் டெஸ்ட் ஓட்டி காட்டறது இதுக்கு பதில் ஆகாது. அது உங்க ஆபீஸ்லேருந்து வெளிய எங்கியோ இருக்கற ஒரு சர்வர் வரைக்கும் லைன் எப்டி இருக்குன்னு சொல்லும், அதோட சரி. கீழ் மாடி சர்வருக்கும் மேல் மாடி சிஸ்டத்துக்கும் நடுவுல என்ன நடக்குதுன்னு தெரியணும்னா ரெண்டு பக்கமும் ஒரு புரோகிராம் ஓடணும், ஒன்னு அனுப்பணும் இன்னொன்னு வாங்கி எண்ணணும், டிஸ்க்கைத் தொடாம மெமரிலேருந்து மெமரிக்கு. அதுக்குன்னே கமாண்ட் லைன்ல ஏகப்பட்ட டூல் இருக்கு, புதுசா வர்ற பசங்க எதை எடுக்கறதுன்னு குழம்பிடறாங்க. என் முடிவை முதல்லயே சொல்லிடறேன். பழக்கத்துக்கு ஒன்னுதான்னா ஐபெர்ஃப்3. ஆனா டேலி ஸ்லோ, பில்லிங் ஸ்லோன்னு வர்ற கேஸ்ல பாதிக்கு ஐபெர்ஃப்3 நம்பர் பிரமாதமா வரும், ஸ்லோ அப்டியே இருக்கும், அங்க நெட்பெர்ஃப் மாதிரி வேற கேள்வி கேக்கற டூல் வேணும். அது ஏன்னு கீழ விவரமா எழுதறேன்.

முதல்ல எல்லாரும் பண்ற ஃபைல் காப்பி. ஒரு பெரிய ஃபைலை ஷேர்ல போட்டு இழுத்து, விண்டோஸ் காட்டற நம்பரைப் பாக்கறது. இதுல என்ன சிக்கல்னா ஜிகாபிட் லைன் நல்லா ஓடும்போது செகண்டுக்கு சுமார் 117 மெகாபைட் போகும், பழைய 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க்கும் கிட்டத்தட்ட 100லேருந்து 150க்குள்ளதான் எழுதும், அப்போ 90னு ஒரு நம்பர் வந்தா அது கேபிளோட குறையா டிஸ்க்கோட குறையான்னு எப்டி சொல்வீங்க? சொல்ல முடியாது. நடுவுல ஆன்டிவைரஸ் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து பாக்கும், விண்டோஸ் கொஞ்சத்தை மெமரில வாங்கி வச்சுக்கிட்டு ஆரம்பத்துல வேகமா காட்டிட்டு அப்பறம் படுத்துடும், சின்னச் சின்ன ஃபைலா ஆயிரக்கணக்குல இருந்தா லைன் காலியா இருந்தும் ஊர்ந்துதான் போகும். லினக்ஸ்ல எஸ்சிபிங்கற காப்பி கமாண்ட் போட்டு பாக்கறவங்களும் உண்டு, அதுல என்கிரிப்ஷன் வேற சேருது, பழைய ப்ராசஸரா இருந்தா அதுவே தடையாயிடும். அதனால ஃபைல் காப்பியை நான் ஒதுக்கிடலாம்னு சொல்லல, அதை கடைசியா பண்ணுங்க. முதல்ல நெட்வொர்க்கைத் தனியா அளந்துட்டு, அப்பறம் ஃபைல் காப்பி பண்ணா, ரெண்டு நம்பருக்கும் நடுவுல இருக்கற வித்தியாசம்தான் டிஸ்க்கு, ஷேர், ஆன்டிவைரஸ் எல்லாம் சாப்பிடற பங்கு. அப்டி பாக்கும்போது அது அருமையான தகவல்.

இங்கயே யூனிட் விஷயத்தையும் சொல்லிடணும், சண்டை முக்கால்வாசி இதுலதான் வருது. லைன் வேகம் பிட்ல சொல்றாங்க, காப்பி விண்டோ பைட்ல காட்டுது, 8ஆல வகுக்கணும். 100 எம்பிபிஎஸ் லைன்ல செகண்டுக்கு 11 மெகாபைட் சொச்சம் வந்தா அது முழு வேகம், குறையே இல்ல. அதே மாதிரி ஜிகாபிட் கார்டுல 1000 வராது, லினக்ஸ்ல நல்ல கேபிள்ல 941 வரும். இது எங்கேருந்து வருதுன்னா, 1500 பைட் பாக்கெட்டுக்கு ஈதர்நெட் ஹெட்டர், ப்ரியாம்பிள், ரெண்டு ஃப்ரேமுக்கு நடுவுல விடற இடைவெளி எல்லாம் சேத்தா வயர்ல 1538 பைட் நேரம் போகுது, அதுல ஐபி, டிசிபின்னு பாக்கெட்டை சரியா கொண்டு சேக்கற முறைங்களோட ஹெட்டரும் (முன்னாடி ஒட்டற முகவரி மாதிரி தகவல்) டைம்ஸ்டாம்ப்பும் போக உண்மையான டேட்டா 1448 பைட், 1448ஐ 1538ஆல வகுத்தா 0.941. டைம்ஸ்டாம்ப் இல்லன்னா 1460, அப்போ 949. இந்த ரெண்டு நம்பரையும் மனப்பாடமா வச்சுக்கோங்க. 941 வந்தா அந்த லைன்ல இதுக்கு மேல புடுங்க ஒன்னும் இல்ல, புது கேபிள் போட்டாலும் அதே 941தான்.

சரி, எதையும் இன்ஸ்டால் பண்ண முடியாத இடம். சில ஆபீஸ்ல சர்வர்ல புது சாஃப்ட்வேர் போட அனுமதி இருக்காது, இல்லன்னா பழைய நாஸ் பெட்டி, அதாவது நெட்வொர்க்ல மாட்டற ஸ்டோரேஜ், உள்ள குட்டி லினக்ஸ் இருக்கும், புதுசா எதையும் ஏத்த முடியாது. அங்க நெட்கேட்டும் (நெட்வொர்க்ல டேட்டா அனுப்பி வாங்கற கமாண்ட்) டிடியும் (டேட்டாவை காப்பி பண்ற கமாண்ட்) கை கொடுக்கும், லினக்ஸ்னா ரெண்டும் பெரும்பாலும் ஏற்கனவே உள்ள இருக்கும். ஒரு பக்கம் நெட்கேட்டை ஒரு போர்ட்ல காத்திருக்க வச்சு வர்றதை டெவ்-நல்ங்கற (/dev/null) குப்பைத்தொட்டில தூக்கிப் போட சொல்லணும், இந்தப் பக்கம் டிடி வச்சு வெறும் சைபரா கொட்டற டெவ்-ஜீரோலேருந்து (/dev/zero) ரெண்டு மூணு ஜிபி எடுத்து பைப்ல நெட்கேட்டுக்குத் தள்ளணும், முடிஞ்சதும் டிடியே எவ்ளோ நேரம், செகண்டுக்கு எத்தனை மெகாபைட்னு ஒரு வரில சொல்லிடும். நடுவுல பிவிங்கற கமாண்டை சொருகினா ஓடும்போதே வேகம் தெரியும். ஜிகாபிட்ல 117, 118 வந்தா லைன் சுத்தம். ஆனா இதோட எல்லை தெரிஞ்சு பண்ணணும். நெட்கேட்ல ரெண்டு மூணு வகை இருக்கு, ஒன்னுல காத்திருக்க சொல்ல மைனஸ் எல் போதும், இன்னொன்னுல மைனஸ் பி சேத்து போர்ட் சொல்லணும், சிலது முடிஞ்சும் மூடாம தொங்கும். கடைசி துண்டு டேட்டா பஃபர்ல இருக்கும்போதே டிடி வேலை முடிஞ்சதுன்னு கணக்கு சொல்லிடும், அதனால 100 எம்பி மாதிரி குட்டி சைஸ்ல பண்ணா நம்பர் கொஞ்சம் கூட காட்டும், பெருசா அனுப்புங்க. எத்தனை பாக்கெட் திரும்ப அனுப்ப வேண்டி வந்துச்சுன்னு தெரியாது. இருக்கா இல்லையான்னு பாக்க இது போதும், எங்க குறைன்னு கண்டுபிடிக்க போதாது.

இப்போ ஐபெர்ஃப்3. அமெரிக்கால ஆராய்ச்சிக் கூடங்களுக்கு நெட்வொர்க் ஓட்டற ஈஎஸ்நெட் ஆளுங்க, லாரன்ஸ் பெர்க்லி லேப்ல இருந்துக்கினு எழுதினது, பழைய ஐபெர்ஃபை ஒட்டுப் போடாம முதல்லேருந்து புதுசா எழுதினாங்க. ஒரு சிஸ்டத்துல மைனஸ் சின்ன எஸ் (-s) போட்டு விட்டா 5201ங்கற போர்ட்ல காத்திருக்கும், இன்னொன்னுல மைனஸ் சின்ன சி போட்டு அந்த ஐபி அட்ரஸ் கொடுத்தா 10 செகண்ட் டேட்டா தள்ளி ஒவ்வொரு செகண்டுக்கும் ஒரு வரி காட்டும். ஆளுங்க கடைசி வரியை மட்டும் பாத்துட்டு மூடிடறாங்க, எனக்கு அது மனசே ஆறாது, ஏன்னா மேல இருக்கற வரிங்கதான் கதையே. 941, 941, 941னு ஒரே மாதிரி வர்றதும், 941, 600, 200, 941னு குதிக்கறதும் ஒன்னில்ல. பக்கத்துல ரீட்ரான்ஸ்மிட், அதாவது திரும்ப அனுப்பின பாக்கெட்டோட எண்ணிக்கைக்கு ஒரு நெடுவரிசை இருக்கும், லினக்ஸ்ல அனுப்பற பக்கம் காட்டும், ஆபீஸுக்குள்ள கேபிள் வழியா போற டெஸ்ட்ல அது நூத்துக்கணக்குல ஏறிக்கிட்டே இருந்தா எங்கியோ பாக்கெட் விழுதுன்னு அர்த்தம், கனெக்டர் அடிச்சது (கிரிம்ப்) சரியில்ல, இல்லன்னா சுவத்து ஐஓ பாக்ஸ்ல கம்பி லூசு, இல்லன்னா ஸ்விட்ச் போர்ட் அவுட்டு. காசிமேடு, ராயபுரம் மாதிரி கடலை ஒட்டின இடத்துல உப்புக் காத்துக்கு கனெக்டர் பின்னுல பச்சை பிடிச்சிருக்கறதை நிறைய பாக்கலாம், அந்த மாதிரி இடத்துல இந்த நெடுவரிசையைத்தான் முதல்ல பாக்கணும்.

94 வந்துச்சுன்னா? 941க்கு பத்துல ஒரு பங்கு, அது 100 எம்பிபிஎஸ் லிங்க்கோட கையெழுத்து. ஜிகாபிட்டுக்கு கேபிள்ல இருக்கற நாலு ஜோடியும் வேணும், 100க்கு 1, 2, 3, 6ங்கற நாலு கம்பி, அதாவது ரெண்டு ஜோடி போதும். நீலமோ பழுப்போ ஒன்னு உள்ள உடைஞ்சிருந்தா பெரும்பாலான கார்டு சத்தமில்லாம 100க்கு இறங்கிடும், லைட்டு எரியும், எல்லாம் வேலை செய்யும், வேகம் மட்டும் இருக்காது. வடசென்னை பழைய கட்டடங்கள்ல இன்னொரு காரணமும் அடிக்கடி கண்ல படும், புதுசா ஒரு கேபிள் இழுக்க சோம்பல்பட்டு, இல்ல இடமே இல்லாம, ஒரே கேபிளை ரெண்டா பிரிச்சு ரெண்டு ஜோடி இந்த சிஸ்டத்துக்கு ரெண்டு ஜோடி அந்த சிஸ்டத்துக்குன்னு கொடுத்திருப்பாங்க. அங்க எவ்ளோ விலை போட்டு ஜிகாபிட் ஸ்விட்ச் வாங்கி வச்சாலும் 94 தாண்டாது. லினக்ஸ்ல எத்டூல் கமாண்ட் போட்டு ஸ்பீட் 1000ஆ 100ஆன்னு பாத்தா ஒரு நொடில உறுதியாயிடும், முதலாளிகிட்ட ஸ்விட்ச் வேணாம் ஒரே ஒரு கேபிள் இழுத்தா போதும்னு சொல்லிடலாம்.

ஐபெர்ஃப்3ல நான் எல்லாரையும் கெஞ்சி கேக்கறது ஒன்னு, மைனஸ் பெரிய ஆர் போட்டு திருப்பியும் ஓட்டுங்க. சாதாரணமா கிளையன்ட் அனுப்பும் சர்வர் வாங்கும், பெரிய ஆர் போட்டா சர்வர் அனுப்பும். ஒரு பக்கம் 94, இன்னொரு பக்கம் 30னு வர்ற லைன் நிஜமாவே இருக்கு. பழைய ஸ்விட்ச்ல யாரோ போர்ட்டை 100 ஃபுல் டூப்ளெக்ஸ்னு (ஒரே நேரத்துல அனுப்பவும் வாங்கவும்) கையால பூட்டி வச்சிட்டு, இந்தப் பக்கம் கார்டு ஆட்டோல இருந்தா, கார்டு ஹாஃப் டூப்ளெக்ஸ்னு (மாத்தி மாத்திதான்) எடுத்துக்கும், ரெண்டும் மோதிக்கும், ஒரு திசை மட்டும் நாசமாகும். ஒரு பக்கம் மட்டும் அளந்துட்டு நல்லாருக்குன்னு கிளம்பினா அந்த ஆபீஸ் பொண்ணு ரிப்போர்ட் இறக்கும்போது அழுதுகினு இருக்கும். அதோட மைனஸ் சின்ன டி (-t) போட்டு 60 செகண்டாவது ஓட்டுங்க, 10 செகண்ட்ல நல்லா வந்துட்டு அப்பறம் விழற கேஸ் இருக்கு.

ஐபெர்ஃப்3ல குறை இல்லையான்னா இருக்கு. ஒரு சர்வர் ஒரு நேரத்துல ஒரு டெஸ்ட்தான் வாங்கும், ரெண்டாவது ஆள் வந்தா பிஸின்னு சொல்லி அனுப்பிடும். 3.16 வெர்ஷன் வர்ற வரைக்கும் மைனஸ் பெரிய பி (-P) போட்டு எத்தனை ஸ்ட்ரீம் (ஒரே நேரத்துல ஓடற தனித்தனி கனெக்‌ஷன்) கேட்டாலும் எல்லாத்தையும் ஒரே த்ரெட்லதான், அதாவது ப்ராசஸரோட ஒரே கோர்லதான் ஓட்டிக்கிட்டு இருந்துச்சு, 2023 கடைசில வந்த அந்த வெர்ஷன்லதான் ஸ்ட்ரீமுக்கு ஒரு த்ரெட்டுன்னு ஆச்சு. ஜிகாபிட்டுக்கு இது பெருசா தெரியாது, 10 ஜிகாபிட்டுக்கு மேல போறவங்க வெர்ஷன் பாத்து போடுங்க. யூடிபி, அதாவது போய்ச் சேந்துச்சான்னு பாக்காம அனுப்பற முறை, அந்த டெஸ்ட்ல மைனஸ் சின்ன பி (-b) கொடுக்கலன்னா வெறும் 1 எம்பிபிஎஸ்லதான் அனுப்பும், அதைப் பாத்து லைனே 1 எம்பிபிஎஸ்னு பயந்துடாதீங்க. ஃபயர்வால்ல யூடிபி 5201 மட்டும் திறந்தா போதாது, டிசிபி 5201ம் வேணும், பேச்சுவார்த்தை எல்லாம் டிசிபிலதான் நடக்கும்.

பெரிய குறை விண்டோஸ். நம்ம பக்கம் ஆபீஸ் பூரா விண்டோஸ்தான், ஆனா ஈஎஸ்நெட் விண்டோஸை அதிகாரப்பூர்வமா சப்போர்ட் பண்றதில்ல. நெட்ல கிடைக்கற விண்டோஸ் ஐபெர்ஃப்3 பெரும்பாலும் சைக்வின்ங்கற நடு லேயரை வச்சு கட்டினது, அதுலயும் 3.1.3னு 2016ல வந்த பழசு ஒன்னு இன்னும் பென்டிரைவ் பென்டிரைவா சுத்திக்கினு இருக்கு. 2024ல மைக்ரோசாஃப்ட் ஆளுங்களே விண்டோஸ்ல ஐபெர்ஃப்3 வச்சு அளக்காதீங்க, எங்க என்டி-டிடிசிபி இருக்கு அதை எடுங்கன்னு எழுதினாங்க. ரெண்டு பக்கமும் விண்டோஸ், ரெண்டுலயும் அனுமதி இருக்குன்னா என்டி-டிடிசிபி நல்ல சாய்ஸ், ஒரு பக்கம் வாங்கறவனா ஒரு பக்கம் அனுப்பறவனா வச்சு எத்தனை த்ரெட்டுன்னு சொன்னா போதும், சிபியூ எவ்ளோ தின்னுச்சுன்னும் சேத்து சொல்லும். ஆனா என் வழி வேற. ஐபெர்ஃப்3 சேத்து வச்ச ஒரு லினக்ஸ் பென்டிரைவ் போட்டு அதே கம்ப்யூட்டரை பூட் பண்ணிடறது. அதே கார்டு, அதே கேபிள், விண்டோஸும் ஆன்டிவைரஸும் மட்டும் இல்ல. லினக்ஸ்ல 941, விண்டோஸ்ல 400னா கேபிளைத் தொடவே வேணாம், டிரைவரையும் ஆன்டிவைரஸையும் பாருங்க. இப்டி பிரிச்சுப் பாக்கறது செலவை எவ்ளோ மிச்சம் பண்ணுதுன்னு பண்ணிப் பாத்தாதான் தெரியும்.

ஐபெர்ஃப்2ன்னா பழசு, 3ன்னா புதுசுன்னு நினைக்கறாங்க, அது இல்ல. ஐபெர்ஃப்2 தனியா இன்னும் வளர்ந்துக்கிட்டுதான் இருக்கு, வேற ஆளுங்க பாத்துக்கறாங்க, ரெண்டும் ஒன்னோட ஒன்னு பேசாது, போர்ட் கூட 5001. ஒரு பக்கம் 2ம் இன்னொரு பக்கம் 3ம் போட்டா கனெக்ட் ஆகாது. இதை எப்போ எடுக்கணும்னா நிறைய பேர் ஒரே நேரத்துல அடிக்கும்போது என்ன ஆகும்னு பாக்கணும்னா. ஐபெர்ஃப்2 சர்வர் ஒன்னே பல கிளையன்ட்டை ஒரே சமயத்துல வாங்கும். மேல் மாடில எட்டு சிஸ்டம், எல்லாம் ஒரே ஒரு கேபிள்ல கீழ வருதுன்னா தனித்தனியா அளந்தா எட்டுமே பிரமாதம், காலைல 11 மணிக்கு எல்லாரும் உக்காந்தா படுத்துடும். அதே அப்லிங்க்ல, அதாவது கீழ வர்ற அந்த ஒத்தை கேபிள்ல, சிசிடிவி வேற ஓடும், 16 கேமரா, ஒவ்வொன்னும் 4 எம்பிபிஎஸ்னு வச்சா 64 ஆச்சு, அப்லிங்க் 100 எம்பிபிஎஸ் ஸ்விட்ச்சுன்னா மிச்சம் என்ன இருக்கு? இந்த மாதிரி கேள்விக்கு ஐபெர்ஃப்2 சரியான ஆள். வைஃபை அளக்கறதுக்கும் நான் இதைத்தான் சொல்வேன், வைஃபைல எல்லாரும் ஒரே காத்தைப் பங்கு போடறாங்க, ஒரு ஆளை மட்டும் வச்சு அளந்த நம்பர்ல ஒன்னும் தெரியாது. ஆண்ட்ராய்டு போன்ல கூட டெர்மக்ஸ்ங்கற கமாண்ட் லைன் ஆப் போட்டு ஐபெர்ஃப்3 ஏத்திக்கலாம், ரூம் ரூமா நடந்து பாக்க வசதி. போன்ல 866 எம்பிபிஎஸ்னு லிங்க் வேகம் காட்டினா டெஸ்ட்ல அது முழுசா வராதுங்கறதையும் முன்னாடியே முதலாளிகிட்ட சொல்லி வச்சிடுங்க.

இப்போ நெட்பெர்ஃப், எனக்கு ரொம்ப முக்கியமான பாகம் இது. ஹெச்பி கம்பெனிலேருந்து வந்த பழைய டூல், நெட்சர்வர்னு ஒன்னை ஒரு பக்கம் ஓட விடணும், 12865 போர்ட்ல உக்காரும். டிசிபி ஸ்ட்ரீம்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அது ஐபெர்ஃப் பண்ற அதே வேலை, அதுக்காக யாரும் இதைத் தேட வேணாம். இதோட உயிர் டிசிபி ஆர்ஆர்ங்கற டெஸ்ட், ஒரு பைட் கேள்வி அனுப்பி ஒரு பைட் பதில் வாங்கி, வந்ததும் அடுத்த கேள்வி, இப்டி செகண்டுக்கு எத்தனை தடவை போய் வர முடியும்னு எண்ணி சொல்லும்.

இது எதுக்குன்னா, டேட்டா ஃபோல்டரை ஒரு சிஸ்டத்துல ஷேர் பண்ணி வச்சு மத்த சிஸ்டத்துலேருந்து கணக்கு சாஃப்ட்வேரைத் திறக்கற ஆபீஸ்ல, அந்த சாஃப்ட்வேர் மொத்தமா ஒரு ஜிபியை இழுக்கறதில்ல, கொஞ்சம் படிக்கும், அதைப் பாத்துட்டு அடுத்ததைக் கேக்கும், மறுபடி கேக்கும். ஒவ்வொரு கேள்விக்கும் பதில் வர்ற வரைக்கும் சும்மா காத்திருக்கும். கேபிள்ல போய் வர 0.2 மில்லிசெகண்டுன்னா செகண்டுக்கு 5000 தடவை போய் வரலாம். வைஃபைல 4 மில்லிசெகண்ட் ஆச்சுன்னா 250 தடவைதான். ஒரு ரிப்போர்ட்டுக்கு 10,000 தடவை போய் வரணும்னு வைங்க, கேபிள்ல 2 செகண்ட், வைஃபைல 40 செகண்ட். ஐபெர்ஃப்3 வச்சு அளந்தா அந்த வைஃபை 300 எம்பிபிஎஸ் காட்டும், நீங்களும் லைன் சூப்பர்னு எழுதிக் கொடுத்துட்டு வந்துடுவீங்க, அந்தப் பையன் 40 செகண்ட் ஸ்க்ரீனைப் பாத்துக்கினு உக்காந்திருப்பான். ஹார்பர்லேருந்து போற கன்டெய்னர் லாரி எவ்ளோ சரக்கு ஏத்தினாலும், கேட்டுக்குப் போய் ஒரு கையெழுத்து வாங்கிட்டு வர்ற நேரம் அதால குறையாது, அந்த மாதிரி. அதனால "காப்பி பண்ணா வேகமா இருக்கு, டேலி திறந்தா மட்டும் ஸ்லோ"ன்னு யாராவது சொன்னா த்ரூபுட் (செகண்டுக்கு எவ்ளோ டேட்டா போகுது) அளக்கறதை நிறுத்துங்க, போய் வர்ற நேரத்தை அளங்க.

நெட்பெர்ஃப் எல்லா இடத்துலயும் ரெடியா கிடைக்காது, விண்டோஸ்ல கஷ்டம்தான். கிடைக்கலன்னா போய் வர்ற நேரத்தைச் சொல்ற சாதா பிங் கமாண்டை ஒரு இருநூறு தடவை ஓட விட்டு சராசரி என்ன, அதிகபட்சம் என்னன்னு பாருங்க, பாதி பதில் அதுலயே கிடைச்சிடும். கேபிள்ல ஒரு மில்லிசெகண்டுக்கு உள்ள ஒரே சீரா இருக்கணும், நடுநடுவுல 50, 80னு எகிறினா அதுதான் உங்க ஸ்லோ. இந்த கேஸ்ல தீர்வு பெரும்பாலும் மலிவு, அந்த ஒரு சிஸ்டத்தை வைஃபைலேருந்து கேபிளுக்கு மாத்தறது, இல்லன்னா சர்வர்லயே ரிமோட் டெஸ்க்டாப் போட்டு ஓட்டறது.

நட்டிசிபின்னு ஒன்னும் இருக்கு, சுருக்கமா சொல்றேன். 1980கள்ல அமெரிக்க ராணுவ ஆராய்ச்சிக் கூடத்துல மைக் மூஸ்னு ஒருத்தர், பிங்கை எழுதினவர் அவர்தான், இன்னொருத்தரோட சேந்து டிடிசிபின்னு எழுதினாரு, அதோட வழில வந்தது இது. ஒரே வரில வேகம், ரெண்டு பக்க சிபியூ, ரீட்ரான்ஸ்மிட் எல்லாம் காட்டும், ஸ்க்ரிப்ட் எழுதறவங்களுக்கு பிடிக்கும். நல்ல டூல், ஆனா ஐபெர்ஃப்3ல பெரிய ஜே (-J) போட்டா ஸ்க்ரிப்ட் சுலபமா படிக்கற ஜேசான் வடிவத்துல எல்லாம் வந்துடுது, பக்கத்து ஆளுக்கும் அது தெரிஞ்சிருக்கும், அதனால புதுசா கத்துக்கறவங்க இதைத் தேடிப் போக வேண்டியதில்ல.

கிளைக்கு கிளை லைன், எண்ணூர் பக்கம் குடோன்லேருந்து மண்ணடி ஆபீஸுக்கு விபிஎன், அதாவது இன்டர்நெட் வழியா ரெண்டு இடத்தையும் சேக்கற தனி லைன்னு வச்சுக்கோங்க. இங்க தூரம் விளையாடும். டிசிபி பதில் வராம எவ்ளோ அனுப்பலாம்ங்கறது விண்டோ சைஸ், அது 64 கிலோபைட்ல நின்னுட்டா, போய் வர 20 மில்லிசெகண்ட் ஆகற லைன்ல 26 எம்பிபிஎஸ்க்கு மேல போகவே போகாது, லைன் 100 எம்பிபிஎஸ்ஸா இருந்தாலும். இதைக் கண்டுபிடிக்க ஐபெர்ஃப்3 போதும், முதல்ல ஒரு ஸ்ட்ரீம், அப்பறம் மைனஸ் பெரிய பி 4. ஒன்னுல 26, நாலுல கூட்டி 90க்கு பக்கமா வந்தா லைன் கொடுக்கறவங்க மேல தப்பு இல்ல, பழைய ரவுட்டரோ சாஃப்ட்வேரோ விண்டோவைப் பெருசாக்க விடலன்னு அர்த்தம். நாலுலயும் கூட்டி 26தான்னா அப்போ போன் போட்டு லைன் கம்பெனியைக் கேக்கலாம், கைல ஆதாரம் இருக்கும். ஐபி போன் பிரச்சனைன்னா யூடிபி, மைனஸ் சின்ன பி 70கே, பாக்கெட் சைஸ் 172 பைட் வச்சு அஞ்சு நிமிஷம் ஓட்டுங்க, ஜி711ங்கற ஆடியோ முறைல கால் ஒன்னு போற அளவு அதுதான், ஜிட்டரையும் (பாக்கெட் வர்ற நேரத்துல இருக்கற ஏத்த இறக்கம்) லாஸ் சதவீதத்தையும் பாருங்க. ஜிட்டர் 30 மில்லிசெகண்டுக்கு உள்ள, லாஸ் 1 சதவீதத்துக்கு உள்ள இருந்தா பேச்சு தெளிவா இருக்கும். யூடிபில பெரிய நம்பர் கொடுத்து ஆபீஸ் டைம்ல அடிக்காதீங்க, டிசிபி மாதிரி அது யாருக்கும் ஒதுங்காது, ஐஸ்கேட்ங்கற கஸ்டம்ஸ் வெப்சைட்ல பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதி சரக்குக்கான கணக்கு) போட்டுக்கினு இருக்கற ஆளோட வேலை நடுவுல நின்னுடும், கட்-ஆஃப் நேரம்னா அது அவங்களுக்கு நிஜ நஷ்டம். மதியம் சாப்பாட்டு நேரம், இல்ல ஷட்டர் இறக்கினதுக்கு அப்பறம் பண்ணுங்க.

எந்த டூலா இருந்தாலும் வரிசை ஒன்னுதான். முதல்ல ரெண்டு லேப்டாப்பை ஒரு பேட்ச் கார்டுல (ரெண்டு முனையிலயும் கனெக்டர் வச்ச குட்டி ரெடிமேட் கேபிள்) நேரா சேத்து அளங்க, 941 வரணும். வரலன்னா அளக்கற லேப்டாப்பே சரியில்ல, பழைய யூஎஸ்பி 2.0 லேன் அடாப்டர்ல 480 எம்பிபிஎஸ்தான் பஸ்ஸோட எல்லை, ராஸ்பெர்ரி பை 3பி ப்ளஸ்ல ஜிகாபிட்னு எழுதிருந்தாலும் உள்ள யூஎஸ்பி வழியா போறதால 300 சொச்சம்தான் வரும், பை 4லதான் முழு ஜிகாபிட். அப்பறம் நடுவுல ஸ்விட்சை வச்சு அளங்க. அப்பறம் சுவத்து கேபிள் வழியா. கடைசியா உண்மையான சர்வர், உண்மையான சிஸ்டம். எந்தப் படில நம்பர் விழுதோ அங்கதான் காசு செலவு பண்ணணும், மத்ததை விட்டுடலாம். ஒவ்வொரு படியோட நம்பரையும் ஒரு பேப்பர்ல எழுதி தேதி போட்டு ராக்குல ஒட்டிட்டு வாங்க, அடுத்த வருஷம் வேற பையன் வந்தாலும் ஒப்பிட்டுப் பாக்க அவனுக்கு ஒரு அடிப்படை இருக்கும்.

அப்போ பையில என்ன வைக்கறதுன்னா, ஐபெர்ஃப்3ம் ஐபெர்ஃப்2ம் நெட்பெர்ஃப்பும் ஏத்தின லினக்ஸ் பென்டிரைவ், பூட் பண்ண விடாத ஆபீஸுக்கு என்டி-டிடிசிபி, போன்ல டெர்மக்ஸ், சந்தேகமே இல்லாத ரெண்டு கேட் 6 பேட்ச் கார்டு. நெட்கேட்டுக்கு எதுவும் எடுத்துட்டுப் போக வேணாம், லினக்ஸ் பெட்டின்னா பெரும்பாலும் அது அங்கயே இருக்கும். டெஸ்ட் முடிஞ்சதும் ஐபெர்ஃப்3 சர்வரை ஓட விட்டுட்டு வராதீங்க, குறிப்பா வெளி ஐபி இருக்கற சிஸ்டத்துல, யார் வேணா வந்து உங்க லைனை நிரப்பலாம். மைனஸ் எஸ்ஸோட மைனஸ் 1 சேத்து போட்டா ஒரு டெஸ்ட் வாங்கிட்டு தானா மூடிக்கும், ஃபயர்வால்ல 5201க்கு போட்ட ரூலையும் கிளம்பறதுக்கு முன்னாடி எடுத்துடுங்க.